நாலு குழி

ஆயுத பூஜை முடிந்த மறுநாள். ஸ்டேஷன் வாசலில் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. ஜீப்புக்குச் சந்தனம், குங்குமம். விசாரணைக்கு வந்த கலையரசனுக்குக்கூட ஒரு கை பொரிகடலை கிடைத்தது. அவன்தான் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரீரங்கத்தில் அவனும் லக்ஷ்மணனும் கூட்டாக நடத்திய பழம்பொருள் கடையில், போன வாரம் லக்ஷ்மணன் கழுத்தறுபட்டுக் கிடந்தார். "எவனோ திருடன் மேடம்" என்று கலையரசன் அன்றிலிருந்து ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீவித்யா மேஜை மேலிருந்த பழுப்பு உறையைத் தட்டினார்.

"உங்க கடையில ஏழு சவரக்கத்தி. ஆறு துருப்பிடிச்சுக் கிடக்கு. நாங்க எடுத்தப்போ இது மட்டும் எப்படிப் பளபளன்னு இருந்துச்சு?"

"பழசைப் புதுசாக்குறதுதானே மேடம் என் தொழில்? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்."

"மேலாகத்தான் தேய்ச்சிருக்கீங்க. துரு அரிச்ச குழியை ஏன் விட்டீங்க?"

"அது போகணும்னா ரெண்டு நாள் விடாம தேய்க்கணும் மேடம். அவ்வளவு பொறுமை எவனுக்கு இருக்கு?"

ஸ்ரீவித்யா கதவோரம் நின்ற ஏட்டு பிச்சமுத்துவை முறைத்தார். ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். காலையிலிருந்தே மனுஷன் முகம் சரியில்லை.

"குழிக்குள்ள இறங்கின ரத்தம் மேலாகத் தேய்ச்சாப் போகாது, கலையரசன். ஊசிமுனை அளவு இருந்தாலும் லேப்ல கண்டுபிடிச்சிடுவாங்க."

"ஒரு தடவை... அதை நான் பார்க்கலாமா மேடம்?"

"கோர்ட்ல பார்க்கலாம். நீங்களா உண்மையைச் சொன்னா ஒரு மாதிரி. லேப் சொன்னா வேற மாதிரி."

கலையரசனுக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தக் கத்தியை அவனைவிட யாருக்குத் தெரியும்? முனையோரம் மூன்று குழி, நடுவில் மிளகு அளவில் ஒன்று. நாலே நாலு குழி! சோம்பல் படாமல் இன்னும் கொஞ்சம் தேய்த்திருந்தால் இந்நேரம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கோபத்துல செஞ்சுட்டேன் மேடம்!" என்று உடைந்து அழுதான். "எனக்குத் தெரியாம கடையைத் தன் பேருக்கு மாத்திட்டான் மேடம்!"

ஒரு மணி நேரத்தில் அவனே கொள்ளிடக் கரைக்கு அழைத்துப்போய் இடத்தைக் காட்டினான். மண்ணுக்குள்ளிருந்து ரத்தம் தோய்ந்த அவன் சட்டையும் லக்ஷ்மணனின் செல்போனும் வந்தன. எல்லாம் சாட்சிகள் முன்னிலையில், வீடியோவோடு.

அவனை லாக்கப்பில் அடைத்துவிட்டு வந்த ஸ்ரீவித்யா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இனி கேஸ் நிக்கும். உங்க வேலையையும் அந்த ரங்கநாதர்தான் காப்பாத்தியிருக்கார், ஏட்டு."

"ஸ்டேஷன்ல இருக்கிற அத்தனையும் பளிச்சுன்னு இருக்கணும்னு நீங்கதான் மேடம்..."

"வாயைத் திறக்காதீங்க!"

பெருமூச்சுடன் உறையைப் பிரித்தார் ஸ்ரீவித்யா. ஏட்டு இரண்டு நாள் விடாமல் தேய்த்ததில் ஒரு குழிகூட இல்லாமல் கண்ணாடியாக மின்னிய சவரக்கத்தி வெளியே வந்தது, நேற்றைய பூஜையில் வைத்த சந்தனப் பொட்டோடு.