காட்டு ஈஸ்டின் வயது

டாக்டர் எவரிஸ்தோ பீர் பாட்டிலைத் திறந்தார். வடக்கே, தான் பிறந்த ஹுஹுய் மலையின் வழக்கப்படி, முதல் மடக்கு பூமித்தாய்க்கு என்று ஜன்னலோரப் பூந்தொட்டியில் ஊற்றினார். பிறகுதான் தன் கோப்பையை நிரப்பிக்கொண்டார்.

"மச்சான் இதே ஊர்ல தன் கையாலயே காய்ச்சினது. இது இல்லாம நான் எந்த நல்ல காரியத்தையும் தொடங்கறதே இல்ல. ம், சொல்லு நெலிதா, நம்ம ஈஸ்டுக்கு வயசு என்ன?"

தென் அர்ஜென்டினாவின் பரிலோச்சே ஊரில் இருந்த ஒரே பத்திரிகையின் நிருபர்கள் நான்கு மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வருவதாக இருந்தது. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுகளுக்கெல்லாம் ஆதித்தாயைக் காட்டில் ஒரு லெங்கா மரப்பட்டையில் கண்டுபிடித்துவிட்டதாக டாக்டர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அதற்குத் தன் பெயரையே வைத்தும் விட்டார். பிள்ளை பிறக்குமுன் பெயர்சூட்டு விழா!

மரபணுக்களை ஒப்பிட்டுக் கம்ப்யூட்டரில் வம்சக் கணக்குப் போடுவது மட்டும்தான் பாக்கி. அது ஆராய்ச்சி மாணவி நெலிதாவின் வேலை. அவளுடைய பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஆதித்தாய்னா வம்ச மரத்துல அடியில இருக்கணும் டாக்டர். இது நுனிக்கிளையில உக்காந்திருக்கு. ஒப்பிடறதுக்குன்னு நம்ம ஊர்ல காய்ச்சற பீர் அத்தனையும் சேர்த்திருந்தேன். அதுல ஒண்ணோட ஒட்டிக்கிட்டிருக்கு."

"ஒட்டினா ஒட்டிட்டுப் போகட்டும். ரெண்டும் எப்போ பிரிஞ்சுது? அஞ்சு லட்சம் வருஷம் இருக்குமா?"

"மரபணுவை எழுத்தெழுத்தா எண்ணிப் பார்த்தாச்சு. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. மிஞ்சிப்போனா ஒரு வருஷம்."

டாக்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "ட்யூபை மாத்தி வச்சிருப்பே! இல்லேன்னா மேஜையில பீரைச் சிந்தியிருப்பே!"

"நான் குடிக்கறதே இல்ல டாக்டர். நீங்க கொண்டுவந்த பட்டையில சீல் உடைக்காத பை மூணு இருந்துச்சு. மூணுலயும் புதுசா எடுத்துப் பார்த்தேன். அதே ஈஸ்ட்தான்."

"அப்போ உன் கணக்குதான் தப்பு!"

"தகவலைக் கலைச்சுக் கலைச்சுப் போட்டு, கம்ப்யூட்டர்ல ஆயிரம் தடவை ஓட்டினேன். ஆயிரம் தடவையும் அதே கிளைதான்."

"நாலு டஜன் எம்பனாடா பலகாரத்துக்குச் சொல்லியாச்சு! வர்றவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல? மாணவி கணக்குல கோட்டை விட்டுட்டா, அவளை வெளியே அனுப்பிட்டேன்னுதான் சொல்லணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. காகிதத்தை இழுத்து, அவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கும் கடிதத்தை எழுதத் தொடங்கினார். ஐந்து வருட உழைப்பு இரண்டு வரியில் முடிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, தெரியாமத்தான் கேக்கறேன்," என்றார் டாக்டர், எழுதியபடியே. "மனுஷ வாடையே இல்லாத காடு. போய்ப் பட்டையைச் சீவினது நான் ஒருத்தன்தான். என் கையில புதுக் கையுறை, புதுக் கத்தி. அந்த மரத்துக்கு உங்க ஊர் பீர் ஈஸ்ட் எப்படிப் போச்சாம்? பஸ் ஏறிப் போச்சா?"

நெலிதா பூந்தொட்டியைப் பார்த்தாள். மண் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது.

"சீவறதுக்கு முன்னாடி, உங்க மச்சான் பீர்ல முதல் மடக்கை எங்கே ஊத்தினீங்க டாக்டர்?"