டியூட்டி ஒப்படைப்பு

ஆள் பற்றாக்குறையை ஒழித்துக்கட்ட வட்டாரத்தின் ஐந்து மருத்துவமனைகள் கைகோத்தன. ரிப்பன் வெட்டி, கைகுலுக்கி, படமும் எடுத்துக்கொண்டார்கள்.

"புதுசா எத்தனை நர்ஸ் வர்றாங்க சார்?" என்று கேட்டாள் குழந்தைகள் வார்டு நர்ஸ்.

"புதுசா எதுக்கும்மா? இருக்கறவங்களையே அஞ்சு ஆஸ்பத்திரியும் பகிர்ந்துக்கப் போறோம்," என்றார் இயக்குநர், மாலை போட்ட களை மாறாமல்.

"மாத்திவிட ஆள் வரலேன்னா நான் கிளம்ப முடியாது சார். மகளுக்கு ஜுரம்."

"வரும்மா, வரும்."

மதியம் ஆள் வந்தது. அவளே வந்தாள். அதே வீங்கிய கால், சட்டைப்பையோரம் அதே மைக்கறை. யாரிடம் என்னவென்று கேட்பது? ஒன்றும் புரியாமல், வழக்கப்படி வந்தவளைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் நோயாளிகளை ஒப்படைத்தாள். அந்தப் பக்கம் வந்த இயக்குநர் இருவரையும் பார்த்தார்.

"சொன்னேன்ல?"

வீட்டுக்குப் போய்த் தட்டினாள். கதவைத் திறந்த கணவன் திருதிருவென விழித்தான். "நீ உள்ள பாப்பாவைத் தட்டிக் குடுத்துட்டிருந்தியே, எப்ப வெளிய போன?"

உள்ளேயிருந்து அவளே எழுந்து வந்தாள். "ஜுரம் இறங்கிடுச்சு சிஸ்டர். மருந்து குடுத்தாச்சு. தண்ணி கேட்டா வெதுவெதுன்னு குடுங்க," என்று ஒப்படைத்துவிட்டு, இவள் அப்போதுதான் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்த மகள், தூக்க வந்தவளின் கையைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்து அழுதாள்.

"அம்மா, போகாதம்மா!"