பிரஸ் பக்கத்தில் ஒருத்தி

தொண்டை வலித்தது. எச்சில் விழுங்கினால் முள் இறங்கியது.

"ஆச்சு!" என்று கத்தினாள்.

அதற்குள் தகடு வெட்டும் பிரஸ் இறங்கிவிட்டது.

அவள் சொல்வதற்கு முன்பே செவந்தியப்பன் பெடலை மிதித்துவிடுகிறான். ஒரு மாதமாக இப்படித்தான்.

தகட்டை உள்ளே வைத்துவிட்டு அவன் கையை எடுக்க வேண்டும். அவள் பார்த்து "ஆச்சு" சொல்ல வேண்டும். பிறகுதான் மிதி. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவனுக்குத் தன் கை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் அவளுக்குக் கூலி. அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இப்போது கம்பெனி கேட்டிலேயே, குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மிஷினில் ஊதிக்காட்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. மாட்டியவர்களை முதலாளி துரத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குடியை விட்டுவிட்டு வந்தவனுக்கு அதே வேலை.

செவந்தியப்பன் அப்படி வந்தவன். கை நடுங்குவதில்லை. முகம் தெளிந்துவிட்டது.

அவன் குடியை விட வேண்டுமென்று மாரியம்மனிடம் அவளும் வேண்டிக்கொண்டவள்தான்.

மேனேஜர் லட்டுத் தட்டோடு வந்தார். மிஷின்கள் நின்றன.

"பொங்கலுக்கப்பறம் ஒருத்தன் வெரலும் போகல. லீவு பாதியாக் கொறஞ்சிருச்சு. தகடு வீணாகறதில்ல. பெரிய கம்பெனி ஆர்டரும் வந்திருச்சு. எடுத்துக்குங்க."

"ஊதி ஊதியே தொப்பை எறங்கிப்போச்சுங்க" என்றான் அடுத்த மிஷின்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் ஒரு லட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இனி நீங்க தொண்டை கிழியக் கத்த வேண்டாமுங்க. சனிக்கெழமையோட வேலைய விட்டு நின்னுக்குங்க."

மேனேஜர் சிரித்தபடியே சொன்னதில் அவளும் தலையாட்டிவிட்டாள்.

பிறகுதான் புரிந்தது. புரிந்தும் புரியவில்லை.

நல்லதுதானே நடந்திருக்கிறது? யாரைத் திட்டுவது? குடித்தவனையா, விட்டவனையா?

மேனேஜர் திரும்பினார். "ஏப்பா செவந்தி, பக்கத்துல ஆளில்லாம ஓட்டிக்குவீல்ல?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். விரல் விரலாக, நிதானமாக.

"ஓட்டிக்கலாமுங்க."

பொய் இல்லை. ஓட்டிவிடுவான்.

தள்ளாடிக்கொண்டு வந்த காலத்தில் அந்த விரல்களை யார் காப்பாற்றியது என்று மேனேஜர் கேட்கவில்லை.

அவனும் சொல்லவில்லை.

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. லட்டு வாயிலேயே இருந்தது.

செவந்தியப்பன் அவளுக்கு ஒரு வார்த்தை பாக்கி.