ஜெனிக்குப் பதிலாக

ஜீவனஹள்ளி மைதானத்தில் சாயங்கால வெயில் கோல் கம்பத்தின் மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. பெண்கள் கால்பந்தின் இறுதிப் போட்டி முடியப்போகிறது. ஜீவனஹள்ளி ஒரு கோல் முன்னிலையில் இருக்க, எதிரணிக்கு பெனால்டி கிடைத்திருக்கிறது. இதைத் தடுத்தால் கோப்பை. ஆனால் கோல்கீப்பர் ஜெனிஃபர் விரல் பிசகி, ஐஸ் பையோடு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். "தனா, ஸ்டேண்ட் இன் ஃபார் ஜெனி!" என்கிறார் புதுப் பயிற்சியாளர் கிரண். தனலக்ஷ்மி கையுறையை மாட்டிக்கொண்டு, கோட்டைத் தாண்டி வலைக்குள் போய் நிற்கிறாள். "ஏன்டி, வலைக்குள்ள மீன் பிடிக்கிறியா?" என்று கத்துகிறாள் கேப்டன் வீணா. "சாருதான்க்கா உள்ள நில்லுன்னாரு!" அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ‘ஸ்டேண்ட்’ என்றால் நில், ‘இன்’ என்றால் உள்ளே. ஆனால் பின்னாலேயே ‘ஃபார்’ வந்து ஒருவர் பெயரும் சேர்ந்தால், அவருக்குப் பதிலாக நில் என்று பொருள். அந்த ‘உள்ளே’ வலைக்குள் இல்லை. ஜெனி வழக்கமாக நிற்கிற இடத்துக்குள். "ஜெனிக்குப் பதிலா நில்லுடி! கோட்டு மேல!" என்கிறாள் வீணா. தனா முன்னால் வருகிறாள். விசில் ஒலிக்கிறது. பந்து இடது மூலைக்குப் பாய்கிறது, அவளும் பாய்கிறாள். புழுதி அடங்கும்போது பந்து அவள் நெஞ்சோடு கிடக்கிறது. பழக்கதோஷத்தில் கூட்டம் முழுவதும் "ஜெனி! ஜெனி!" என்று கூவுகிறது. ஜெனிஃபர் துள்ளி எழுந்து அத்தனை பேரையும் மீறிக் கத்துகிறாள்: "யோவ், ஜெனி இங்க இருக்கேன்யா! அது தனா! தனலக்ஷ்மி!"