அவசரப் பைக்கு ஒரு கோடாலி

மடக்குக் கத்தியைத் திறந்த வேகத்திலேயே மூடிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல பழம்தான் நறுக்கலாம்."

வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வீட்டுக்கு ஓர் அவசரப் பை தயாராக இருக்க வேண்டும் என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கயிறு, டார்ச் லைட், தீப்பெட்டி, மாத்திரை எல்லாவற்றையும் மூத்தார் எடுத்து வைத்துவிட்டார். வெட்டுவதற்கு ஒரு கருவிதான் பாக்கி. முட்டி தேய்ந்த மனிதர், கடைத்தெரு வரை நடக்க முடியாது. செத்துப்போன தம்பியின் மனைவியான அவளை அனுப்பியிருந்தார்.

"நீயே பாத்து நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாம்மா. உனக்குத்தான் தெரியும்."

அதை நா கூசாமல் சொன்னார்.

போன வெள்ளத்தின்போது அவர் மாடியில் இருந்தார். அவளும் புருஷனும் கீழே. தண்ணீர் ஒவ்வொரு படியாகத் துரத்தி வர, இருவரும் மாடிப்படி உச்சியில் இருந்த மரக்கதவைக் கை கன்றிப்போகும்வரை தட்டினார்கள். அவன் அண்ணா அண்ணா என்று தொண்டை கிழியக் கத்தினான். காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு ஓடி வந்திருந்தவள், அதாலேயே கதவைக் குத்தினாள். நுனி உடைந்துபோனது.

"பின்கட்டுல கடப்பாரை இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.

கடப்பாரையும் வரவில்லை, அவனும் வரவில்லை. கதவுக்கு ஒரு படி கீழே வந்து தண்ணீர் நின்றுவிட்டது.

"மழைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா" என்று மூத்தார் தம்பி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். வந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேற்றினார்கள். அவளும் தலையாட்டி வைத்தாள்.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் இரண்டு பாதங்கள் நின்றதை அவள் பார்த்திருந்தாள். பிறகு உள்ளிருந்து ஒரு துண்டு வந்து அந்த இடுக்கை அடைத்ததையும் பார்த்திருந்தாள். திறந்தால் தம்பியோடு தண்ணீரும் உள்ளே வந்துவிடுமே.

அதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

கடைக்காரர் அரிவாளைக் காட்டினார். பச்சைக் கிளைக்கு ஆகும், காய்ந்த பலகைக்கு ஆகாது. ரம்பத்தைக் காட்டினார். அதை நுழைக்க முதலில் ஓட்டை வேண்டும், வெள்ளம் அதற்கெல்லாம் பொறுக்காது.

மேலே தொங்கிய கைக்கோடாலிகளை இறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், உதறினாள், தலை ஆடுகிறதா என்று தரையில் தட்டினாள். வீசும்போது தலை கழன்று போனால் மனிதன் பாதியிலேயே சோர்ந்துவிடுவான். கையில் உருப்படியாக ஒன்று இருந்தால்தான் கடைசிவரை நம்புவான்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க்கா, பையில வெக்கிறதுக்கா, காட்டை அழிக்கிறதுக்கா?"

"மரக்கதவப் பொளக்கணும். நாலே போடுல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போதே வாய் தீட்டித் தரச் சொல்லி, கூடவே நின்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மூத்தார் கீழ் அறையில், ஒரு காலத்தில் அவளும் புருஷனும் படுத்த கட்டிலில், பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முட்டி போனபிறகு இடம் மாறிக்கொள்ளலாமா என்று அவர்தான் கேட்டார். வாயெல்லாம் பல்லாகச் சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மாடிக்குக் குடிபோனவள் அவள். படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாடிப் பக்கம்தான் இருந்தது.

கோடாலியை வாங்கி விரலால் அதன் வாயைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"உன் மனசு யாருக்கும்மா வரும்? இத வெச்சு ரெண்டு போடு போட்டா எந்தக் கதவும்..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் வாங்கினேன்" என்றாள் அவள். கோடாலியைத் துணியில் சுற்றிப் பையில் தானே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

மேலே டங்டங்கென்று சத்தம் கேட்டது. "என்னம்மா வேலை நடக்குது?" என்று கேட்டார்.

"கதவு ஆடுது. சரி பண்ணச் சொல்லியிருக்கேன்."

மாடியேறினாள். பழைய மரக்கதவு கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. மூத்தார் அடித்து மறைத்த பெயின்ட்டுக்குள் அவளுடைய கத்திக் குத்துகள் இன்னும் தெரிந்தன. அதன் இடத்தில், முன்பக்கத்துப் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றிய இரும்புக் கதவு நின்றது. முழுத் தகடு. அடியில் இடுக்கும் இல்லை, துண்டு செருகுகிற வேலை மிச்சம்.

வெல்டிங்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கதவை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். "இனிமே யானை வந்து முட்டினாலும் அசையாதுக்கா. ஆனா கீழேருந்து யாராவது கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது. ஒரு காலிங் பெல் போட்டுடட்டுமா?"

அவள் புதுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"வேண்டாம்" என்றாள். "மழைச் சத்தத்துல அதுவும் கேக்காது."