முதலில் பதில் சொன்னது

மேஜைக்குக் கீழே குனிந்து என் பழைய லேப்டாப்பின் வயரை நெட்வொர்க் பெட்டியில் செருகிவிட்டு எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு பிரின்சிபால் சக்கரபாணி சார் லேபைப் பார்வையிட வருகிறார். பீங்கான் தொழில் படிக்கிற பிள்ளைகளுக்கான எங்கள் பயிற்சி நிலையத்தில், ஜூன் மாதத்திலிருந்து கம்ப்யூட்டர் லேபுக்கு ஒரு ஆள்தான். நானா, சண்முகப்ரியாவா என்று இன்றைக்குக் கையெழுத்து போட்டுவிடுவார்.

எனக்குப் பதினோரு வருஷம். அவளுக்கு எட்டு மாதம்.

பதினோரு வருஷமாக இருபத்து நாலு கம்ப்யூட்டரையும் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொன்றாக எழுப்பியது நான். கீபோர்டில் படிகிற வெள்ளை மண்தூசியைப் பிரஷ்ஷால் தள்ளியது நான். சார் இன்னமும் என்னை ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார். வேல்விழி என்று எனக்கொரு பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. பெண்ணாடம் பஸ்ஸில் வந்து இறங்குகிற இவள், முதல் வாரத்திலேயே ‘ப்ரியா மேடம்’ ஆகிவிட்டாள்.

அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டாள்? தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் கம்ப்யூட்டரில் ஒரு கீயைத் தட்டுவாள். இருபத்து நாலும் ஒன்றாக எழுந்துகொள்ளும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எனக்கும் தெரிந்த வேலைதான். யாரும் கேட்கவில்லை, நான் செய்யவில்லை.

போன வாரம் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து பாதியை என் டப்பாவில் போட்டாள். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களுக்குள் டிஸ்க் கிடையாது. எழுந்ததும் ஒவ்வொன்றும் வயர் வழியே ‘எனக்கு யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். மூலையில் இருக்கிற சர்வர் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லி, வேண்டியதையெல்லாம் அனுப்பும். அதற்கு முன்னால் வேறு யாராவது பதில் சொல்லிவிட்டால் அந்தப் பக்கம் போய்விடும். நல்லவரா, கெட்டவரா என்று பார்க்காது.

என் லேப்டாப் முந்திக்கொண்டு பதில் சொல்லும். ஆனால் கொடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. திரைகள் கறுப்பாகவே நிற்கும். அவள் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த லேப்டாப்பில் பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், லேபுக்கென்று நானே வீட்டில் உட்கார்ந்து தயாரித்தது. ஐகான் பெயரெல்லாம் தமிழில். பின்னணியில் எங்கள் ஊர் மணிமுத்தாறு வெள்ளமாக ஓடுகிற படம், பாலத்தில் நின்று நானே எடுத்தது. சாரிடம் சொன்னேன். ‘பார்க்கலாம்மா’ என்றார். பார்க்கவே இல்லை. இன்று காலை அதை அழித்துவிட்டுத்தான் லேப்டாப்பைப் பையில் வைத்தேன்.

சார் வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

சண்முகப்ரியாவின் நெற்றி வியர்த்திருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, இவளுக்கு என்ன வியர்வை என்று நினைத்தேன். பயப்படட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கீயைத் தட்டினாள்.

இருபத்து நாலு பச்சை விளக்குகளும் எரிந்தன. திரைகள் கறுத்தே கிடந்தன. ஐந்து நொடி. பத்து நொடி. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது முதல் வரிசையில் ஆற்று வெள்ளம் ஓடியது. பிறகு இரண்டாவது வரிசையில். பிறகு மூன்றாவதில். இருபத்து நாலு திரையிலும் என் மணிமுத்தாறு.

அவசரத்தில் நான் அழித்தது வேறொரு நகலை.

“ஒரே தட்டுல அத்தனையும் வந்துடுச்சே! தமிழ்ல வேற போட்டிருக்கீங்க. பிரமாதம் ப்ரியா மேடம்” என்றார் சார்.

என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அது எப்படி அங்கே வந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்குமே.

சார் அங்கேயே ஒரு மேஜையில் ஃபைலை விரித்தார். சண்முகப்ரியா என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“அக்கா, காலையிலேருந்து சர்வரே ஆன் ஆவலக்கா. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம சும்மாதான் தட்டுனேன். இது எங்கேருந்து வந்திச்சின்னு சத்தியமா புரியல.”

திரும்பி மூலையைப் பார்த்தேன். சர்வரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

இன்று காலை நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தாலே போதும், திரைகள் தானாகக் கறுத்தே கிடந்திருக்கும்.

வயர் என் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஓர் உதை விட்டால் எல்லாம் நின்றுவிடும். சார் அப்போதுதான் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

பிள்ளைகள் திரையைத் தொட்டுத் தொட்டு, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷத்தில் இப்போதுதான் யாரோ அதைப் பார்க்கிறார்கள்.

சார் கையெழுத்து போட்டு முடிக்கும்வரை, அந்த வயரில் கால் பட்டுவிடாமல் அசையாது நின்றேன்.