எட்டு அங்குலப் பரிசு

"பரிசா? யாருக்கு?"

தாம்ளே சந்தேகத்தோடுதான் கேட்டார். புணே புதவார் பேட்டையில் டெலஸ்கோப் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளரை வேறு எப்படிக் கேட்பார்? அதுவும் மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குக் கடையை அடைத்தால் நாலு மணி வரை கடவுளே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார்.

"எங்க காகாவுக்கு. நட்சத்திரம் பாக்குற பைத்தியம்," என்றான் சுஹாஸ். அவனுக்குக் காகா, சித்தப்பா என்று யாரும் கிடையாது.

'அறுநூறு மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பெட்டியை எடுத்தான்.

"அதை வைடா கீழ. வேண்டாத மாப்பிள்ளைக்குக் குடுக்குற சாமான் அது. கண்ணாடி எவ்வளவு அகலம், ஸ்டாண்டு ஆடுதா, இந்த ரெண்டைத்தான் பாக்கணும்." மூலையில் நின்ற தடித்த குழாயைத் தட்டினார். "இது எட்டு அங்குலக் கண்ணாடி."

"கார்ல ஏறுமா?"

"பின்சீட்டுல படுக்க வெச்சுக் கொண்டு போகலாம்."

"இதுல பாக்க உக்காந்தா, விடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாரே?"

"பெண்டாட்டி பேரே மறந்துடும்."

சுஹாஸுக்கு அது போதும். பைக்கை விற்ற பணத்தை அப்படியே நீட்டினான்.

"பெரிய மனசுப்பா உனக்கு," என்றார் தாம்ளே. அவர் ஒரு வாடிக்கையாளரைப் பாராட்டியது அதுவே முதல் தடவை.

சுஹாஸ் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மழைக்காலத்தில் மோரேஷ்வர் கானிட்கர் வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனபோது, அவர் மனைவி சுலபா காகு ஒரு கை நிறையத் தங்க வளையல்களையும் ரெண்டு வடம் சங்கிலியையும் பீரோவில் வைப்பதைப் பார்த்துவிட்டான். அன்றைக்கே பின்கதவுச் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுத்தாயிற்று. ஆனால் அந்த மனுஷன் வீட்டை விட்டு நகர வேண்டுமே.

முன்பெல்லாம் அமாவாசை தவறாமல், புருஷனும் பெண்டாட்டியும் வானம் பார்க்கிற கூட்டத்தோடு வேல்ஹே பக்கத்து மலைக்குப் போய்விடுவார்களாம். விடிந்துதான் வருவார்களாம். இந்த மழையில் பழைய டெலஸ்கோப்பில் பூஞ்சை பிடித்து லென்ஸ் பாழ். அதிலிருந்து கானிட்கர் சோபாவில் உட்கார்ந்தவர்தான், காய்கறி வாங்கக்கூட எழுந்திருப்பதில்லை.

ஆகவே டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தாக வேண்டும். திருட்டுத் தொழிலில் கைமுதல் போட்ட ஒரே ஆள் சுஹாஸாகத்தான் இருப்பான். தோற்றால் பைக் போனது போனதுதான்.

'குலுக்கலில் முதல் பரிசு' என்று சீட்டு ஒட்டி அனுப்பினான். நாலு நாள் கழித்து, பரிசு கொடுத்த கம்பெனிக்காரன் போலக் குரலை மாற்றி போன் செய்தான்.

"காகா, வர்ற அமாவாசைக்கு டெலஸ்கோப்புல பாப்பீங்கதானே?"

"பாக்காமலா? பொழுது சாய்ஞ்சா அப்புறம் விடியற வரைக்கும் நான் வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்." கானிட்கருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"காகு?"

"அவளும்தான். வீட்டுல ஒரு விளக்கு எரியாது, பாத்துக்கோ."

டிசம்பர் அமாவாசை. கானிட்கர் வீடு ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. பின்னால் கரும்புத் தோட்டம். எட்டு மணிக்குச் சுஹாஸ் கரும்புக்குள் புகுந்து வந்து பார்த்தான். சொன்னபடி ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, சத்தமும் இல்லை. நல்ல மனுஷன், சொன்ன வாக்குத் தவறவில்லை என்று நினைத்துக்கொண்டு சுவரேறிக் குதித்தான்.

பின்கதவு இருபதடி தூரம். கையை நீட்டித் துழாவிக்கொண்டே நடந்தான்.

நீட்டிய கையில் யாரோ ஒரு பேடாவை வைத்தார்கள்.

"லேட்டா வந்தா கடைசியில நில்லு," என்று ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

பயத்தில் சுஹாஸ் மறு கையிலிருந்த டார்ச்சை அழுத்திவிட்டான்.

வானம் பார்க்கிற கூட்டம், நாற்பது பேர். குரங்குக் குல்லாயும் கம்பளிச் சால்வையுமாக வரிசையில் நின்றார்கள். வரிசையின் முன்னால் டெலஸ்கோப், குங்குமப் பொட்டும் சாமந்தி மாலையுமாக. அதன் காலடியில் உடைத்த தேங்காய்.

புதுச் சாமானுக்கு வீட்டில் பூஜை போட்டு, நாலு பேருக்குப் பேடா கொடுக்காமல் படி தாண்ட விடுவார்களா? விற்ற பைக்கை வாங்கினபோது அவனே அதைத்தான் செய்திருந்தான். பாவி மனசுக்கு அது தோன்றவில்லை.

அடுத்த நொடி நாற்பது பேரும் பாய்ந்தார்கள். ஒரு பல் டாக்டர், ரெண்டு பேராசிரியர்கள், எழுபது வயது ரிடயர்டு ஜட்ஜ், எல்லோருமே கை வைத்தார்கள். பிறகு கொய்யா மரத்தில் கட்டிப் போட்டுவிட்டு, வாயில் துணியையும் அடைத்துவிட்டு, மறுபடி வரிசைக்குப் போய்விட்டார்கள்.

காலையில் பால் போட வந்தவர் சொல்லித்தான் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் அவன் பையைக் கொட்டினார். கள்ளச் சாவி, கையுறை, ஸ்குரூடிரைவர்.

"ஏன் சாஹேப், ராத்திரி எட்டு மணிக்கே திருடனைப் பிடிச்சிருக்கீங்க. உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டாமா?"

"திருடனா?" கானிட்கர் திடுக்கிட்டார். "இது நம்ம ஃபிரிட்ஜ் ரிப்பேர் பையன்ல?"

"அப்ப எதுக்கு இவனை இந்த அடி அடிச்சீங்க?"

"இருட்டுக்குக் கண்ணு பழக முழுசா அரை மணி நேரம் ஆகும் சாஹேப். இவன் டார்ச் அடிச்சுட்டான்."